ஒரு கடை, இரண்டு விலை

அன்பு மகனுக்கு,

வருகிற சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். அன்றைக்கு உன்னோடு நின்று கதைக்க எனக்கு நேரம் கிடைக்காது. கிடைத்தாலும் அழுதுகொண்டுதான் கதைப்பேன், உனக்கு ஒரு சொல்லும் விளங்காது. மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசுகிற வேலையை உன் அப்பா எடுத்துக்கொண்டார். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவர் பேசிப் பழகுவது எனக்குக் குசினி வரைக்கும் கேட்கிறது. அவர் நன்றி சொல்ல வேண்டிய ஆட்களே ஏராளம், அதற்குள் எனக்கு இடமில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். நீ இதைத் தனியாக இருந்து வாசி. கல்யாணம் முடிந்தபிறகு மலர்விழியிடம் கொடு, அதற்கு முதல் கொடுக்காதே. அவளுக்கு இதில் பாதி தெரியும். மற்றப் பாதியை நான் அவளுக்கும் சொல்லவில்லை.

இந்தக் கல்யாணத்துக்கு நான் எப்படிச் சம்மதித்தேன் என்று நீ எல்லாருக்கும் ஒரு கதை சொல்லித் திரிகிறாய். நம் தேவாலயத்துப் பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்து புத்தி சொன்னாராம், அம்மாவின் மனம் இளகிவிட்டதாம். சுவாமி வந்தது உண்மை. தேத்தண்ணி குடித்தார், நான் சுட்டுவைத்த கட்லட்டில் பாதியைச் சாப்பிட்டார், நல்ல வார்த்தை நாலு சொன்னார். நான் தலையை ஆட்டினேன். சுவாமிக்கு முன்னால் வேறு என்ன செய்வது? அவர் போனபிறகும் முதல் இருந்த இடத்திலேயேதான் இருந்தேன், அசையவில்லை. என்னை அசைத்தது ஒரு தண்ணீர்க் குழாய். நம் குசினியில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கிறதே, அந்தக் குழாய்தான். சிரிக்காதே. முழுவதையும் வாசித்துவிட்டுச் சிரி.

மலர்விழியைப் பற்றி நீ எங்களுக்குச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. பாண்டிச்சேரிப் பிள்ளை, இங்கே படிக்க வந்தவள், யூனிவர்சிற்றியில் உன்னோடு ஒரே வகுப்பு, சனி ஞாயிறுகளில் ஒரு ஹார்ட்வெயர் கடையில் வேலை. சோற்றைப் பிசைந்துகொண்டு, தலை நிமிராமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். யாழ்ப்பாணத்துத் தாய் எவளும் சாதி சனம் அறியக் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன். "ஆர் ஆக்கள்?" நீ சொன்னாய், "மனுச ஆக்கள்தான் அம்மா." உன் அப்பா சிரித்துவிட்டார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு எழுந்து போனேன். அதற்குப் பிறகு உன்னோடு நான் கதைத்ததெல்லாம் உன் அப்பா வழியாகத்தான். கறி அடுப்பில் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லுங்கோ, தொப்பியைப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கோ. எவ்வளவு கோபத்திலும் உன்னைப் பட்டினியாகவோ குளிரிலோ நான் போகவிடவில்லை, அதையும் நீ மறக்கக்கூடாது.

எனக்கு என்ன பிரச்சினை என்று உனக்கு அப்போது விளங்கவில்லை. நம் பங்கில் ஒரு பெண் என்றால் விசாரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கோயில் வாசலில் ஒருத்தியிடம் பெயரைச் சொன்னால் போதும். பின்னேரத்துக்குள் ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஆட்கள் தொலைபேசி எடுத்து, அந்தக் குடும்பத்தில் யாருக்கு யாரோடு கோபம், இரவல் வாங்கிய நகையை யார் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்கள். பாண்டிச்சேரியில் எனக்கு ஒரு குருவியைக்கூடத் தெரியாது. அவள் பூசைக்குப் போகிற கோயில் வேறு, அவளுடைய தமிழ் வேறு. விசாரிக்க ஆள் இல்லாத ஒரு பெண்ணை எப்படி வீட்டுக்குள் எடுப்பது? நல்ல பிள்ளை அம்மா, நல்ல பிள்ளை அம்மா என்று நீ சொல்கிறாய். காதலிக்கிறவனுடைய சாட்சியை எந்த நீதிமன்றத்தில் எடுப்பார்கள்? நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பெண் பார்க்கிற படலம்தான், பலகாரத் தட்டு மட்டும் இல்லை.

இங்கே என் குணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், உனக்குத் தெரியாததல்ல. இந்த நகரத்துக்கு வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் மூன்றாம் மாடியில் இருந்த காலத்தில், கிழமைக்குக் கிழமை கதவடிக்கு வருகிற விளம்பரத்தாள்களை நான் கத்தரிக்கோலோடு இருந்துதான் வாசிப்பேன். வேறு கடையில் விலை குறைவென்று காட்டினால் அந்த விலைக்கே தருவோம் என்று எந்தக் கடை சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறதோ, அந்தக் கடைக்கு வெட்டிய துண்டுகளோடு போவேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காசாளருக்கு முன்னால் வைப்பேன். எனக்குப் பின்னால் வரிசை நீளும். "விடுங்கோ அம்மா" என்று நீ என் கோட்டைப் பிடித்து இழுப்பாய். நான் விடமாட்டேன் என்று தெரிந்ததும், பெயின்ற் நிற அட்டைகள் அடுக்கியிருக்கிற பக்கம் போய், என்னை முன்பின் தெரியாத ஆள் மாதிரி அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். எனக்கு அதில் வெட்கமே இருக்கவில்லை. நான் கேட்டது பிச்சை இல்லை, அவர்கள் தங்கள் சுவரில் தாங்களே எழுதிய வாக்கு. செய்ய மனமில்லாவிட்டால் எழுதக்கூடாது.

ரொக்ஸ்பரோவில் இந்த வீட்டை வாங்கியபிறகு ஹார்ட்வெயர் கடைதான் எங்களுக்கு இரண்டாவது கோயில். ஒரு ஆணிக்குப் போவோம், கதவோடு வருவோம். பிறகு நீ வீட்டுக்கு இணையம் எடுத்துத் தந்தாய். எனக்கு மவுஸ் பிடிக்கவும் எழுத்துத் தட்டவும் பொறுமையாகச் சொல்லித் தந்தாய், அந்தப் பொறுமை உன் அப்பாவின் பக்கத்தால் வந்தது. ஊர்ச் செய்தி பார்க்கப் போகிறேன் என்று நீ நினைத்தாய். நான் முதன்முதலாகத் தேடியது, அதற்கு முதல் நாள் வாங்கிய திரைச்சீலைக் கம்பியின் விலையை. அதே கடையின் இணையத்தளம், அதே கம்பி, விலை மட்டும் குறைவு. எனக்கு வந்த ஆத்திரத்தில் கணினியை அணைக்கவும் மறந்துவிட்டேன். கடைக்கு வாடகை இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆட்களுக்குச் சம்பளம் இருக்கிறது, இணையத்தில் விற்பதற்கு வேறு கணக்கு என்று நீ ஏதோ விளக்கினாய். "அப்ப ஒரு கடைக்கு ரெண்டு விலையோ? நடந்து போய் வாங்கிறவன் மடையனோ?" என்று கேட்டேன். நீ கணினியை அணைத்துவிட்டுப் போனாய்.

மலர்விழியைப் பார்க்கப் போவதென்று முடிவு செய்தபோது, அந்த ஆத்திரம் எனக்குக் கைகொடுத்தது. குசினியில் பழைய குழாய் ஒழுகத் தொடங்கியிருந்தது. அவள் வேலை செய்கிற கடை எதுவென்று உன் அப்பாவின் வாயைக் கிண்டி எடுத்தேன். அந்தக் கடையின் இணையத்தளத்தில் ஒரு குழாயைப் பிடித்து, விலையோடு அந்தப் பக்கத்தை உன் பிரின்ரரிலேயே அச்சடித்தேன். கடைக்குள் அதே குழாயின் விலை கூடுதல் என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அந்தக் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாக்கு இருந்தது. வேறு கடையில் குறைந்த விலையைக் காட்டினால், அதிலும் பத்து வீதம் குறைத்துத் தருவார்களாம். வேறு கடை என்பதுதான் அதில் முக்கியம். சொந்த இணையத்தளம் வேறு கடை ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் நான் வைத்த பொறி. ஒரு தமிழ் அம்மா கெஞ்சுகிறாளே என்று மலர்விழி விலையைக் குறைத்தால், அவள் முதலாளியின் சாமானைத் தன் ஆட்களுக்கு அள்ளிக் கொடுக்கிறவள், நமக்கு வேண்டாம். முடியாது என்று சொன்னால், வயது போன ஒருத்திக்கு இரங்காதவள், அதுவும் நமக்கு வேண்டாம். எந்தப் பக்கம் போனாலும் அவள் விழ வேண்டும். உன் அம்மாவின் மூளையைப் பார்த்தாயா?

ஒரு சனிக்கிழமை உன் அப்பா என்னைக் காரில் கொண்டுபோனார். உள்ளே வர மறுத்துவிட்டார். நீ என்னவோ செய், எனக்கு ஒன்றும் தெரியாது என்று ரேடியோவைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தார். வாடிக்கையாளர் கவுண்டரில் வரிசை நின்றது. எனக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவர், கதவுப் பூட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். பூட்டில் பிழையில்லை, எந்தத் துண்டு எங்கே போகிறதென்று அவருக்குத்தான் விளங்கவில்லை. மலர்விழி அதைக் கழற்றி, அவர் கையாலேயே திரும்பப் பூட்டவைத்தாள். மனுசன் திருப்பிக் கொடுக்காமலே சிரித்துக்கொண்டு கொண்டுபோனார். அவளுடைய பிரெஞ்சு பாண்டிச்சேரிப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். உனக்குத் தெரியும், கார்தெறி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷம் சமைத்துச் சமைத்து எனக்குப் பிரெஞ்சு வாயால் வராவிட்டாலும் காதுக்குள் நன்றாக ஏறும். பெண் பார்க்கப் போனவள் அழகையும் பார்த்தேன், ஏன் மறைக்க? மெலிந்த பிள்ளை. சிவப்பு ஏப்ரன், இழுத்துக் கட்டிய தலைமுடி, காதில் செருகிய பென்சில். முகத்தில் அலுப்பு இருந்தது, குரலில் இருக்கவில்லை.

என் முறை வந்தது. குழாய்ப் பெட்டியையும் காகிதத்தையும் வைத்து, வேண்டுமென்றே உடைந்த பிரெஞ்சில் தொடங்கினேன். அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தமிழிலேயே சொல்லச் சொன்னாள். சொன்னேன். காகிதத்தை மேலிருந்து கீழே, அடியில் இருந்த பொடி எழுத்து வரைக்கும் வாசித்தாள். சுவரில் இருக்கிற வாக்கு மற்றக் கடைகளின் விலைக்குத்தான், எங்கள் இணையத்தளத்தின் விலைக்கு இல்லை என்றாள். இணையத்தில் வாங்கினால் இந்த விலைக்குக் கிடைக்கும், ஆனால் வீட்டுக்கு அனுப்புகிற கூலியும் சேர்ந்தால் கடை விலையை விடக் கூடிவிடும் என்று, காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டே காட்டினாள். சொன்னதில் ஒரு பிழை பிடிக்க முடியவில்லை. நான் பொறியின் மற்றக் கதவைத் திறந்தேன். குரலை இறக்கி, நாங்களும் தமிழ் ஆக்கள்தானே பிள்ளை, நீ மனம் வைத்தால் குறைக்கலாம்தானே என்று கேட்டேன்.

அவள் மழுப்பவில்லை. "குறைக்கலாம்மா. இந்த பட்டனைத் தட்டினா போதும், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா காலைல ஒருத்தர் இதே பேப்பரோட வந்தார். இல்லைன்னு அனுப்பிட்டேன். இப்ப உங்களுக்கு மட்டும் குடுத்தா அது அவருக்குப் பண்ற அநியாயம் இல்லையா?"

ஆம் என்றும் இல்லை என்றும் இரண்டு பதில்தான் இருக்கிறதென்று நான் நினைத்திருந்தேன். என்ன சொல்வதென்று தெரியாதபோது உன் அம்மா என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியும். குரலை உயர்த்தினேன். ஒரு கடைக்கு இரண்டு விலையோ, நடந்து வருகிறவன் மடையனோ, மனேஜரைக் கூப்பிடு என்று நின்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நீ ஏன் பெயின்ற் அட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாய் என்று எனக்கு அப்போது கொஞ்சம் விளங்கியது.

மனேஜர் வந்தார். எனக்கு விளங்காதென்று நினைத்து இரண்டு பேரும் பிரெஞ்சில் கதைத்தார்கள். இந்த அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றாள் மலர்விழி. இணையத்தில் நம் பெயரில் ஒரு விலையைப் போட்டுவிட்டு, நம் வாசலுக்கு வந்தவரிடம் கூடுதலாகக் கேட்கிறோம், இதை எப்படி விளக்குவதென்று எனக்குத் தெரியவில்லை என்றாள். மகன், நான் அவளை விழுத்த வந்தவள். அவள் எனக்காகக் கதைத்துக்கொண்டிருந்தாள். மனேஜர் என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கொடுத்து அனுப்பிவிடு, சத்தம் நிற்கட்டும் என்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்தாள். காலையில் வந்த ஆளின் தொலைபேசி இலக்கம். முடிவு மாறினால் அறிவிக்கலாமே என்று கேட்டு வாங்கி வைத்திருந்தாளாம். அப்படியானால் இவருக்கும் இந்த விலைதான், இப்போதே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றாள். மனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஆள் சத்தம் போடவில்லையே, பிறகு எதற்கு என்று கேட்டார்.

"அதனால்தான்" என்றாள் மலர்விழி.

அவர் தோளைக் குலுக்கினார். விருப்பப்படி செய், வேலை முடிந்ததும் என் அறைக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அங்கேயே நின்று அந்த ஆளைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு எனக்கு விலையைக் குறைத்து, குழாயைப் பையில் போட்டு, கசிந்தால் பில்லோடு கொண்டுவரச் சொல்லித் தந்தாள். பில்லை நீட்டும்போது அவள் பார்வை மனேஜரின் அறைக் கதவுக்குப் போய் வந்ததை நான் கண்டேன். படிக்க வந்த பிள்ளை, அந்த வேலையில் வருகிற சம்பளத்தில்தான் அறை வாடகை கொடுக்கிறாள் என்று நீ சொல்லியிருந்தாய்.

காருக்குள் ஏறியதும் உன் அப்பா, "என்ன, பாத்தாச்சோ?" என்று கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு வேலை போகப் போகுது, என்னால" என்றேன். அவர் ரேடியோவை நிறுத்திவிட்டார். போய் நீ யாரென்று சொல்லிவிடு என்றார். எப்படிச் சொல்வது? நான் அவளைக் கட்டப் போகிறவனின் தாய் என்று தெரிந்தால், அவள் நேர்மையாகக் கதைத்ததெல்லாம் தன் ஆளுக்காகக் கதைத்ததாக ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா பழைய குழாயைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். துளி ஒழுகவில்லை. அந்தக் கிழமை முழுக்க, திறக்கிற ஒவ்வொரு தரமும் எனக்கு அவளுடைய அந்தப் பார்வைதான் ஞாபகம் வந்தது. புதுக் குழாய் வாங்கியும் அம்மாவுக்கு முகத்தில் சந்தோஷமில்லையே என்று நீ கேட்டாய், அப்பாவைத்தான் கேட்டாய்.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது நீயே அந்தக் கதையை எடுத்தாய். எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அப்பாவைப் பார்த்துச் சொன்னாய். "மலரைக் கவுண்டரால எடுத்துப் பெயின்ற் வாளி தூக்கிற பக்கம் போட்டுட்டினம் அப்பா. ஆரோ ஒரு விசர் மனுசி வந்து சண்டை பிடிச்சதாம், அவவுக்காகக் கதைக்கப் போய்த்தான்." உன் அப்பா தன் சோற்றுப் பீங்கானுக்குள் குனிந்துகொண்டார். ஆனால் அந்த அம்மா கேட்டது சரிதான் என்று மலர் சொல்கிறாள் என்றும் நீ சொன்னாய். நான் உன் முகத்தைப் பார்த்து, அத்தனை நாளுக்குப் பிறகு முதன்முதலாக உன்னோடு நேரே கதைத்தேன். "வாற ஞாயிறு அந்தப் பிள்ளையைச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா." உனக்குப் புரையேறிவிட்டது. சுவாமியின் புத்திமதி அன்றைக்குத்தான் வேலை செய்ததென்று நீ நினைத்துக்கொண்டாய். விசர் மனுசி யார் என்று இப்போது உனக்கு விளங்கியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? அவள் என்னை அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று சேலை உடுத்தி, கொண்டை போட்டு, வாசிக்கிற கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு நின்றேன். ஒரு நாளைக்கு எத்தனை முகத்தைப் பார்க்கிற பிள்ளை, மறந்திருப்பாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அவள் வந்தாள். முதன்முதலாகப் பார்க்கிறவள் போல வணக்கம் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது. மீன் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், எங்கள் கறித்தூளில் என்னென்ன சேர்க்கிறோம் என்று விசாரித்தாள். பிறகு தன் பீங்கானைத் தானே தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். நானும் அவளும் மட்டும். குழாயைத் திறந்து தண்ணீருக்குக் கீழே கையைப் பிடித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"தண்ணி நல்லா வருதாம்மா?" என்று கேட்டாள்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். வரிசையில் நிற்கும்போதே தெரியுமாம். உன் தொலைபேசியில் என் படத்தை அவளுக்கு எத்தனையோ தரம் காட்டியிருக்கிறாயாம். எனக்கு வெட்கத்தோடு கொஞ்சம் கோபமும் வந்தது. "தெரிஞ்சும் ஏன் பிள்ளை குறைச்சுத் தரேல்லை? நான் ஆர் எண்டு தெரியும்தானே?"

அவள் குழாயை மூடினாள். "தெரிஞ்சவங்களுக்கு ஒரு விலை, தெரியாதவங்களுக்கு ஒரு விலைன்னா, அதுவும் ரெண்டு விலைதானேம்மா?"

யோசித்துப் பார். தன்னை வேண்டாம் என்று நிற்கிற மாமி கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கிறாள். ஒரு பட்டனைத் தட்டினால் மாமி குளிர்ந்து போய்விடுவாள் என்று அந்த நேரம் எந்தப் பெண்ணும் நினைப்பாள். நானாக இருந்தால் பட்டனைத் தட்டியிருப்பேன், குழாயோடு ஒரு தொட்டியையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன். அவள் வேலையையும் உன்னையும் ஒன்றாகத் தராசில் வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவனுக்காக நேரே நின்றாள். அதோடு விட்டாளா? அந்த விசர் மனுசி உன் அம்மாதான் என்று உன்னிடம்கூட மூச்சு விடவில்லை. நான் எத்தனையோ கவுண்டர்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், எத்தனையோ பேரை வென்றிருக்கிறேன். என்னை வென்றவள் இவள் ஒருத்திதான், அதுவும் ஒரு தரமும் குரலை உயர்த்தாமல். அன்றைக்குக் குசினிக்குள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். வெங்காயம் என்று உனக்குச் சொன்னோம். சாப்பிட்டு முடிந்தபிறகு யார் வெங்காயம் வெட்டுவார்கள் என்று நீ யோசிக்கவே இல்லை.

அவளைத் தெரிந்துகொண்டபிறகு எனக்கு என்னையும் தெரிந்தது. பெண்ணைச் சாமானோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று கோபிக்காதே, எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான். நம் பங்குப் பெண் ஒருத்தி என்றால், கோயில் வாசலில் இரண்டு பேர் நல்லது சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன். மலர்விழிக்குப் பொறி வைத்தேன். நடந்து வந்தவளிடம் கூடுதல் விலை கேட்டேன். ஊரில் உள்ள கடைகளோடெல்லாம் எதற்காகச் சண்டை பிடித்தேனோ, அதையே என் வீட்டு வாசலில் நான் செய்துகொண்டிருந்தேன். அந்தக் கடையில் இன்றைக்கும் இரண்டு விலைதான், போன கிழமையும் பார்த்தேன். அவர்கள் திருந்துகிறபோது திருந்தட்டும்.

அவளைப் பெயின்ற் பக்கம் போட்டபிறகு நம் வீட்டு நிலவறை ஏன் மஞ்சளாகியது, படிக்கட்டுச் சுவர் ஏன் பச்சையாகியது, உன் அறை ஏன் இரண்டு தரம் நிறம் மாறியது என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். எனக்குப் பெயின்றில் ஆசையில்லை. அவளைப் பார்க்கத்தான் போனேன். முழு விலை கொடுத்துத்தான் வாங்கினேன், ஒரு துண்டும் காட்டவில்லை. உன் அப்பாவுக்குத்தான் முதுகு பிடித்துக்கொண்டது.

உனக்கு நான் சொல்ல நினைத்தது அதிகமில்லை. கோயில் வாசலில் சனத்தோடு சிரித்துச் சிரித்துக் கதைத்துவிட்டு வீட்டுக்குள் வந்ததும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற ஆம்பிளைகளை எனக்கு நிறையத் தெரியும். வெளியில் ஒரு விலை, வீட்டுக்குள் ஒரு விலை. உன் அப்பா அப்படி இல்லை, நீயும் அப்படி ஆகாதே. இன்னொன்றும் இருக்கிறது. நான் கேட்க வேண்டியதைச் சத்தம் போட்டுக் கேட்டு வாங்கிவிடுவேன், அதனால் என்னோடு வாழ்வது உன் அப்பாவுக்குச் சுலபம், என்ன வேண்டும் என்று அவருக்கு எப்போதும் தெரியும். மலர்விழி சத்தம் போட மாட்டாள். வேண்டியதைத் தனக்கென்று கேட்கவும் மாட்டாள், பிறருக்காகத்தான் கேட்பாள். ஆகவே அவள் பேசாமல் இருக்கிறாள் என்றால் குறையில்லை என்று நினைத்துவிடாதே. சத்தம் போடாத அந்த ஆளை அவள் தேடிக் கூப்பிட்டாளே, அதைப் போல நீ அவளைத் தேடிப் போய்க் கேள். நீ அவளைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு உன்மேலும் பெருமைதான், அதை இதுவரை நான் உன்னிடம் சொல்லவில்லை. மனுச ஆக்கள்தான் என்று நீ சொன்னது சரி. அந்த ஆட்கள் எல்லா இடத்திலும் கிடைக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. அவளுடைய அப்பாவுக்கு இருதய வருத்தம், விமானம் ஏறக்கூடாது, அவரைத் தனியே விட்டு அம்மாவும் வரமுடியாது என்று உனக்குத் தெரியும். கோயிலில் மாப்பிள்ளைப் பக்கத்து இருக்கை வாங்குகளில் நம் ஆட்கள் இடிபடுவார்கள். பெண் பக்கத்தில் அவளோடு படிக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், பெயின்ற் பக்கத்து ஆட்கள் சிலர். முன் வாங்கு வெறுமையாக இருக்கும். அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள்.

நேற்றுப் பாண்டிச்சேரிக்குத் தொலைபேசி எடுத்து அவளுடைய அம்மாவிடம் கேட்டேன். "உக்காருங்கக்கா, அது உங்க இடந்தான்" என்றார்.

சனிக்கிழமை பீடத்துக்கு முன்னால் நின்று நீ திரும்பிப் பார்க்கும்போது, உன் பக்கத்து முதல் வாங்கில் அப்பா தனியாக இருப்பார். அம்மா எங்கே என்று தேடாதே. நான் எதிர்ப்பக்கத்தில் இருப்பேன், பெண்ணின் தாய் இருக்கிற இடத்தில்.

உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா